விருந்தும் விலையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜினாலயத்தில் அபிடேகம் முடிந்து, கந்தோதகம் பெற்று வெளியே வந்து நிற்கையில், நம்மவர் பேசிக்கொள்ளும் செய்திகள் பெரும்பாலும் மூன்றே. பிள்ளைகளின் வேலை, பெண்ணின் திருமணப் பொருத்தம், ஊர்க் கோயிலின் திருப்பணி. தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த தென் புறநகர்களிலும் வாழும் நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக நான்காவது பேச்சு ஒன்றும் சேர்ந்துள்ளது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது என்பதே அது. பணி ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பிச் சென்று, பழைய வீட்டைச் செப்பனிட்டு, பொன்னூர்மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் வருவோர் தங்கிச் செல்லும் விடுதியாக அதனை நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கத் தொடங்கியுள்ளனர்.

சென்ற பொங்கலின்போது நம் குடும்பத்திலும் இப்பேச்சு எழுந்தது. தம்பி கணக்குப் போட்டுத் தாளிலேயே கொண்டுவந்திருந்தார். ஓடு மாற்ற இவ்வளவு, கழிப்பறை கட்ட இவ்வளவு, இரண்டு அறைகளுக்கு நாளொன்றுக்கு வாடகை இவ்வளவு என்று அனைத்தும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, “சோற்றை விற்றுப் பிழைக்கும் நிலை நமக்கு இன்னும் வந்துவிடவில்லையப்பா” என்றார். அத்துடன் பேச்சு நின்றது. தம்பி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று நம்மால் இருவருக்கும் விடை கூற இயலவில்லை. பெரியப்பாவின் சொல்லில் ஓர் அறம் இருந்தது. தம்பியின் தாளில் இடிந்து விழவிருக்கும் வீடு ஒன்று இருந்தது. இரண்டையும் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நகரை விட்டுச் சிற்றூர் செல்லும் ஆசை புதிதன்று என்பதை முதலில் கூறிவிடுதல் நலம். அவ்வாசைக்குத் தாம்பரமே சான்று. டாக்டர் டேவிட் சௌரிமுத்து அவர்கள் 1928 ஆம் ஆண்டில் காசநோயாளர்க்கு ஒரு மருத்துவ இல்லம் அமைக்கத் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தது இங்கு நல்ல காற்று இருந்தமையால்தான். இன்றும் அந்த இரயில் நிலையம் சானடோரியம் என்றே வழங்கப்படுகின்றது. 1931 இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. பின்னர் நம் தந்தையரின் தலைமுறையினர், அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேலை கிடைத்து, நகருக்குள் வாடகை கட்ட இயலாமல், இங்கே மனை வாங்கிக் கிணறு தோண்டிக் குடியேறினர். காற்றுக்காகவும் அமைதிக்காகவும் தேடி வந்த ஊர், 2021 இல் ஐந்து நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியானது. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டபின், ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதே ஒரு விரதம் போல் ஆகிவிட்டது.

ஆகவே, அமைதியைத் தேடிப் போகின்றவன் தன் பின்னால் எதனை அழைத்துச் செல்கிறான் என்பதையும் எண்ணுதல் வேண்டும். விடுதி என்பது பிறரையும் அழைத்து வருவதற்கென்றே அமைவது. தனக்கென ஒரு குடிலை அமைத்துக்கொள்பவன் ஒருவனாகப் போகிறான். விடுதி நடத்துபவன் ஊரையே கூட்டி வருகிறான்.

இனி ஊரின் நிலையைப் பார்ப்போம். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் நம் ஊர்கள் எவ்வாறு உள்ளன என்பதை இதழின் அன்பர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை தேர் பார்க்கச் செல்கிறோம். இருநாள் கலகலப்பாக இருக்கும். மூன்றாம் நாள் கார்கள் புறப்பட்டுவிடும். பின்னர் கோயிலில் உபாத்தியாயரும், தெருவில் நான்கைந்து முதியவர்களும் எஞ்சுவர். முற்றத்தில் அரசங்கன்று முளைத்த வீடுகளைத் தெருவுக்கு இரண்டு மூன்றாகக் காணலாம். ஆள் நடமாட்டமற்ற தெருவில் கோயில் மட்டும் எத்தனை நாள் பாதுகாப்பாக இருக்கும்? தம்பியின் திட்டத்தில் பணக்கணக்கிற்கு அப்பாலும் ஒரு நியாயம் இருந்தது என்று நாம் கூறுவது இது பற்றியே. நான்கு பேர் வந்து போகும் வீடு ஒன்று இருந்தால், அத்தெருவில் மாலையில் ஒரு விளக்கேனும் எரியும்.

பெரியப்பாவின் எதிர்ப்புக்கு நம் முன்னோரிடத்தில் மிகப் பழைய ஆதாரம் உண்டு. தமிழில் கிடைத்துள்ள கல்வெட்டுகளுள் மிகத் தொன்மையானவற்றில் பல, தங்குமிடம் அமைத்துக் கொடுத்ததைச் சொல்பவை. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில், கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் பள்ளி அமைத்துக் கொடுத்ததாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அதே மலையில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் குறிக்கப்படுகின்றது. அழகர்மலையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று வரிசையாகப் பெயர்கள் காணப்படுகின்றன. புகழூர் ஆறுநாட்டார் மலையில் கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் உறைவிடம் கொடுத்துள்ளான். மழை நீர் உள்ளே வழியாதவாறு பாறையின் நெற்றியில் காடி வெட்டி, தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்திப் படுக்கை செதுக்கியிருக்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அந்தப் படுக்கைகளைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் அறிவர், அவற்றைச் செதுக்கியவர் எத்துணைக் கருத்தோடு செதுக்கினர் என்பதை.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. கொடுத்தவர்கள் வணிகர்கள். உப்பை விற்றனர், துணியை விற்றனர், பொன்னை விற்றனர். ஏர்க்கொழு விற்றவனும் கொடுத்தான் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. மண்ணைக் கீறுகையில் உயிர்கள் மடியும் என்பதை அவன் தன் ஆசிரியரிடம் கேட்டிருக்கமாட்டானா? கேட்டிருப்பான். எனினும் அவன் கொடை ஏற்கப்பட்டது. அவர்களெல்லாம் விற்பதை ஓரிடத்திலும் கொடுப்பதை ஓரிடத்திலும் வைத்திருந்தனர். கடையில் வந்த இலாபத்தில் மலையில் படுக்கை செதுக்கினர். படுக்கையையே கடையாக்கவில்லை.

இம்முறை நம்மோடு நின்றுவிடவுமில்லை. செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து ஈட்டிய பொருளில் காசியிலும் இராமேசுவரத்திலும் சத்திரங்கள் அமைத்தது நாடறிந்த செய்தி. அவர்களுடைய ஊர்களிலும் பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும் காலம் வந்தது. காரைக்குடியில் ஒரு குடும்பம் தம் பழைய பங்களாவை 1999 இல் விருந்தினர் விடுதியாகத் திறந்தது. கானாடுகாத்தானிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மேலும் சில வீடுகள் அவ்வாறே விடுதிகளாயின. கொத்தர்க்கும் தச்சர்க்கும் வேலை கிடைத்தது. சுண்ணாம்புப் பூச்சின் பழைய முறை மறக்கப்படாமல் காக்கப்பட்டது. தேக்குத் தூண்களைக் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்பதைக் காட்டிலும் இது மேல் என்று எவரும் ஒப்புவர். நாமும் ஒப்புகிறோம். ஆயின் அங்கு வரும் பயணியர் பலரும் செட்டிநாட்டுப் புலால் உணவை நாடி வருபவர். அவர்கட்கு அது குற்றமாகத் தோன்றாது. அவ்வழியை நாம் அப்படியே பின்பற்றல் இயலாது என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

அடுத்து, விருந்து என்பதன் பொருள். சிராவகர்க்குரிய பன்னிரண்டு விரதங்களில் இறுதியாக உமாஸ்வாமிகள் தத்வார்த்த சூத்திரத்தில் கூறுவது அதிதி ஸம்விபாகம். அதிதி என்ற சொல்லுக்குப் பூஜ்யபாதர் தம் உரையில் இரு பொருள் காட்டுகிறார். அடக்கம் கெடாமல் நடந்து செல்பவர் என்பது ஒன்று. வரும் திதி குறிக்கப்படாதவர் என்பது மற்றொன்று. இரண்டாவது பொருளைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, தெளிவும் வந்தது. தம்பியின் திட்டத்தில் வரவிருக்கும் பயணி, மூன்று வாரம் முன்னரே நாள் குறித்து, முன்பணம் செலுத்தி, வெந்நீர் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு வருபவர். திதியோடு வருபவர் அதிதி ஆகமாட்டார். அவரிடம் பணம் பெறுவதால் அதிதி ஸம்விபாகம் என்னும் விரதம் கெடுவதில்லை. ஏனெனில் அந்த விரதம் அவரைக் குறித்ததே அன்று.

எனவே, வாடகை பெறுவது பாவம் என்று கூறல் பொருந்தாது. பகவான் ரிஷபதேவர் இல்லறத்தார்க்கு வகுத்தருளிய ஆறு தொழில்களுள் வாணிபமும் ஒன்று. அறையை வாடகைக்கு விடுவது வாணிபம். அதனை வாணிபம் என்றே சொல்லிச் செய்தால் குற்றமில்லை. குற்றம் எங்கே வருகிறதென்றால், விலைக்கு விற்றுவிட்டு அதற்கு விருந்து என்று பெயர் சூட்டும்போது வருகிறது. “தமிழ்ச் சமணர் விருந்தோம்பல்” என்று பலகையில் எழுதி, அடியில் கட்டண விவரம் தருவோமாயின், அது சத்திய விரதத்திற்கும் அஸ்தேய விரதத்திற்கும் ஊறு. முன்னோர் கொடுத்துச் சேர்த்த பெயரை நாம் எடுத்து விற்கிறோம். பெரியப்பாவுக்கு மனம் நொந்தது இதனாலாக இருக்கலாம். நாம் சோறு விற்பது பற்றிய மானக் குறைவு என்று மட்டும் அதனை எண்ணியிருந்தோம்.

வாணிபம் என்று கொண்டபின், வாணிபத்திற்குரிய தேர்வுகளுக்கு அதனை உட்படுத்துதல் வேண்டும். இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பிரித்துள்ளனர். கொல்ல வேண்டுமென்றே எண்ணிக் கொல்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தான் முற்றும் விடல் வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதும், கழிவுநீர்த் தொட்டி கட்டுவதும், நாள்தோறும் பத்துப் பேர் குளிக்க நீர் இறைப்பதும் மூன்றாம் வகையைச் சாரும். இவற்றில் அளவு ஒன்றே வழி. நம் அம்மா கிணற்று நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதை அதே கிணற்றில் திரும்ப விடுவார்கள். அதே வீட்டின் மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்துக் குழாயைத் திறந்துவிடப் போகிறோம். இரண்டு அறைக்கு மேல் வேண்டாம் என்று நாம் தம்பியிடம் சொன்னதற்கு இதுவே காரணம். அவர் ஐந்து என்று எழுதியிருந்தார்.

கொசு விஷயத்தில் நமக்கே வெட்கம். தாம்பரத்தில் ஒவ்வொரு இரவும் மருந்துச் சுருளோ மின்மருந்தோ வைத்துத்தான் நாம் உறங்குகிறோம். கொல்லும் எண்ணம் இல்லை, விரட்டும் எண்ணமே என்று மனத்திற்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஊரில் வலையடித்த சன்னலும் கொசுவலையும் போதும் என்று விதி செய்யலாம். பயணி தாமாக ஒரு சுருளைக் கொண்டுவந்து கொளுத்தினால் என் செய்வது? தடுக்க இயலாது. நாம் வாங்கி வைக்காதிருத்தல் இயலும். புலாலும் மதுவும் அவ்வாறல்ல. அவை வீட்டின் வாயிலுக்குள் வருதல் கூடாது. அதனைப் பயணி முன்பணம் செலுத்துவதற்கு முன்னரே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். வந்திறங்கியபின் சொல்வது வஞ்சனை. இதனால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்றார் தம்பி. பாதிப் பேர் வந்தால் போதும் என்று கணக்கை மாற்றிப் போடுவதுதான் இவ்விடத்தில் விரதம் என்பது.

காலைச் சிற்றுண்டியில் தேன் வைக்கலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. பட்டணத்தார்க்குக் கிராமம் என்றாலே தேனும் நினைவுக்கு வருகின்றது. மதுவும் புலாலும் போலவே தேனும் நமக்கு விலக்கு. வெல்லப்பாகு இருக்கிறது என்று அண்ணி சொன்னதோடு அது முடிந்தது.

கடினமானது இரவு உணவு. தாம்பரத்திலிருந்து நம் ஊர் மூன்று மணி நேரப் பயணத்திற்குள்தான். ஆயினும் வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துப் புறப்படும் குடும்பம், பெருங்களத்தூரைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரம் கழிந்து, ஊர் வந்து சேர இரவு ஒன்பது ஆகும். குழந்தைகள் பசியோடு இருப்பர். ஞாயிறு மறைந்தபின் நாம் அடுப்பு மூட்டுவதில்லை. இன்று புறநகரில் வாழும் நம் குடும்பங்கள் எத்தனையில் இந்நோன்பு முழுமையாகக் காக்கப்படுகிறது என்பதை இவ்விதழில் எழுதுவது நன்றன்று. அது அவரவர்க்குத் தெரியும். எனினும் ஊர் வீட்டில், அதுவும் கோயில் தெருவில், இரவு ஒன்பது மணிக்குத் தோசைக்கல் காய்வதை நம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இதனைப் பேசிக்கொண்டிருந்தபோது 2015 டிசம்பர் தொடக்கத்தின் வெள்ளம் நினைவுக்கு வந்தது. அடையாற்றின் நீர் பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களும் மூழ்கிய நாட்கள் அவை. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மாடியில் இருந்தவர்களின் கதவைத் தட்டினர். பல ஆண்டு ஒரே கட்டடத்தில் வாழ்ந்தும் பெயர் அறியாதவர்கள். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், எந்நேரம் என்று பாராமல், இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி எல்லோரும் குடித்தனர். நம்மவர் வீடுகளிலும் அவ்வாறே நடந்தது. அன்று வந்தவர்கள்தாம் அதிதிகள். எவரும் திதி குறித்து வரவில்லை. அந்த இரவில் அடுப்பு மூட்டியதற்காக எந்தச் சிராவகியும் கழுவாய் தேட வேண்டியதில்லை என்பது நம் துணிபு. மாற்றுக் கருத்துடையோர் இருக்கலாம். நம் தமக்கையே இன்றளவும் அக்கஞ்சியைத் தாம் பருகவில்லை, பிறர்க்கு மட்டுமே வார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோன்பு தமக்கு, சோறு பிறர்க்கு என்று அவர் ஒரு நொடியில் பிரித்துக்கொண்டதை நாம் இத்தனை பக்கம் எழுதிப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளத்தில் வந்தவர் வேறு, விடுமுறைக்கு வந்தவர் வேறு. விடுமுறைக்கு வருபவர் வழியில் உண்டு வரலாம். ஆறு மணிக்குமேல் வந்தால் பழமும், பகலிலேயே செய்து வைத்த பண்டமும், காய்ச்சி ஆறிய பாலும் உண்டு, சமைத்த உணவு கிடையாது என்று முன்னரே தெரிவித்துவிடலாம். பாலும் இரவில் ஆகாது என்பார் உளர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. குழந்தைகளின் பொருட்டு அவ்வளவில் நாம் தளர்ந்துள்ளோம்.

இதுவரை விதிகளைப் பற்றியே பேசினோம். இவ்விதிகளையெல்லாம் ஒரு காவலாளியை அமர்த்தி, சுவரில் ஒட்டி, நாம் தாம்பரத்தில் அமர்ந்தபடியே தொலைபேசியில் நடத்திவிட முடியுமே என்று ஒரு கேள்வி எழலாம். நம் குடும்பத்திலும் எழுந்தது. தம்பியின் முதல் திட்டம் அதுவாகவே இருந்தது. இவ்விடத்தில்தான் நாம் முற்றிலும் மாறுபட்டோம்.

முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் முறையை எண்ணிப் பார்க்க. தமக்கென்றே சமைத்ததை முனிவர் ஏற்பதில்லை. அஃது உத்திஷ்டம் எனப்படும் குற்றம். இல்லத்தார் தமக்கெனத் தூய்மையாகச் சமைத்துக்கொண்டதில் ஒரு பங்கையே அவர் ஏற்பார். அதனால்தான் தானம் என்று நின்றுவிடாமல் ஸம்விபாகம், அதாவது பகுத்தல், என்று பெயர் வந்தது. பகுப்பதற்கு முதலில் நம்முடையதென ஒரு சோறு அங்கே வெந்துகொண்டிருக்க வேண்டும். யாரும் வாழாத வீட்டில் பகுக்க ஏதுமில்லை. அங்கு இருப்பது விற்பனை மட்டுமே. நாளை ஒரு முனிசங்கம் விகாரம் வரும்போது, அத்தெருவில் நம் வீட்டு வாயிலில் நின்று எதிர்கொண்டு அழைக்க ஒருவர் வேண்டாமா? காவலாளியா அழைப்பார்? பயணியர் சமையல் நடக்கும் அடுக்களையிலிருந்து ஆகாரம் அளிக்கவும் இயலாது. தனி அடுக்களை வேண்டும், அதில் நாள்தோறும் சமைக்கும் குடும்பம் வேண்டும்.

வியப்பு என்னவெனில், அரசின் விதியும் இதனையே கேட்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்தின்படி, ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பயணியர்க்கு விடலாம். ஆனால் உரிமையாளர் தம் குடும்பத்துடன் அதே இல்லத்தில் வசித்தல் வேண்டும். அமைச்சகத்தார் ஸம்விபாகத்தைக் கற்றவர் அல்லர். இருப்பினும் குடும்பம் வாழாத இல்லம் இல்லமாகாது என்பது அவர்கட்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே விலை வாங்கலாமா என்னும் கேள்வி நமக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே வாழப் போகிறோமா என்பதே முதற்கேள்வி. வாழ்ந்தால், நாம் உண்பதைப் பயணியும் உண்பார், நாம் உண்ணும் வேளையில் உண்பார், நாம் கோயிலுக்குச் செல்லும்போது விரும்பினால் உடன் வருவார். விலை வாங்கினாலும் அதில் ஒரு பகிர்வு இருக்கும். வாழாவிட்டால், எத்தனை நோன்பு விதிகளைச் சுவரில் எழுதினாலும் அது கடையே. இதனைத் தம்பியிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிள்ளையின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் தாம்பரத்தில் அல்லவா இருக்கின்றன?

பெரியப்பாவிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. விலை வாங்காத நம் பழைய விருந்து யாருக்குக் கிடைத்தது? உறவினர்க்கும் நம் சமூகத்தார்க்கும் இலை போட்டோம். களத்தில் வேலை செய்தவர்க்கு வீட்டின் பின்புறத்தில் பாத்திரத்தில் வார்த்தோம். உள்ளே அழைத்து அமர்த்தியதில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுதல் குல மதம் என்றும், அது நற்காட்சிக்கு மாசு என்றும் சமந்தபத்திரர் முதலாய ஆசிரியர்கள் எச்சரித்தும், நம் ஊர்களில் நடந்தது இதுதான். நாளை முன்பணம் செலுத்தி வருபவரிடம் எவரும் குலம் கேட்கப்போவதில்லை. அவர் கூடத்தில் அமர்ந்து உண்பார். அறத்திற்காக நாம் திறக்காத கதவைப் பணம் திறந்துவிடும் என்றால், வெட்கப்பட வேண்டியது பணத்தைக் கண்டா? பெரியப்பா இதற்கு மறுமொழி கூறவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஊராருக்கு இதனால் என்ன என்பதும் இதனோடு சேர்ந்ததே. கோயிலைக் காட்சிப் பொருளாக்கி, அதற்குக் கட்டணத்தில் ஒரு பங்கு வைத்தல் கூடாது. மேல்சித்தாமூர் மடத்தையோ, பொன்னூர்மலையில் குந்தகுந்தாசாரியரின் பாதங்களையோ, செஞ்சிக்கு அருகே ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து சந்திரநந்தி ஆசிரியர் உயிர்நீத்த திருநாதர்குன்றையோ காணவேண்டின், பயணி தாமே சென்று காணட்டும். வழி சொல்வது நம் கடமை. வழி சொன்னதற்குக் கூலி இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு ஊரில் வழங்கும் கூலியை அன்று, தாம்பரத்தில் நாம் கொடுக்கும் கூலியைக் கொடுத்தல் வேண்டும். பயணியிடம் தாம்பரத்து விலை வாங்கிக்கொண்டு, வேலையாளுக்குக் கிராமத்துக் கூலி கொடுப்பது எந்த நூலிலும் நியாயம் ஆகாது.

இவ்வளவும் பேசியபின் நிகழ்ந்தது இதுவே. அண்ணனும் அண்ணியும் ஆவணி பிறந்தவுடன் ஊருக்குக் குடிபோகின்றனர். அவர்கட்குப் பிள்ளைகளின் பொறுப்பு முடிந்துவிட்டது. தம்பி தாம்பரத்திலேயே இருந்து கணக்கு எழுதுவார். இரண்டு அறைகள் வாடகைக்கு. அடுக்களை இரண்டு. வாடகைச் சீட்டில் அறை வாடகை என்றும் உணவுக் கட்டணம் என்றும் வெளிப்படையாக எழுதப்படும். விருந்து என்ற சொல் எங்கும் வராது. தெருவைப் பார்த்த சிறிய அறை வாடகைக்கு இல்லை. நாள் குறிக்காமல் வருபவர்க்கு அது. அதற்குப் பதிவேடும் இல்லை. யார் வந்தார், என்ன உண்டார் என்று எழுதி வைக்கலாகாது என்று பெரியப்பாவே விதி செய்தார். காவல் துறையினர் கேட்டால் என்ன சொல்வது என்று தம்பி கேட்டதற்கு, பெயரை மட்டும் எழுதிக்கொள் என்று இறங்கி வந்தார்.

மழைக்காலத்திற்குமுன் ஓடு மாற்றியாக வேண்டும். கொத்தர் வந்து அளந்து போயிருக்கிறார். திண்ணைக்குக் கம்பிக் கதவு போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை. பொருள்கள் களவு போகும் என்கிறார் தம்பி. நடு இரவில் ஒருவன் வந்தால் எங்கே படுப்பான் என்கிறார் பெரியப்பா.